இயேசு எல்லோருக்காகவும் மரித்தாரா, தெரிந்துகொள்ளப்பட்டவர்களுக்காக மட்டுமா?

புதிதாகப் போகத் தொடங்கிய ஐக்கியத்திலோ யூடியூப்பிலோ யாரோ "தெரிந்துகொள்ளப்பட்டவர்களுக்காக மட்டும்தான்", அதாவது இரட்சிப்புக்கென்று தேவன் முன்பே தெரிந்தெடுத்தவர்களுக்காக மட்டும்தான் மரித்தார் என்று சொல்லியிருப்பார்கள். அது உறுத்தித்தான் கேட்கிறீர்கள் என நினைக்கிறேன். நான் இதை ஒரு செத்தவீட்டில் கேட்டேன். நான் இறையியல் படித்தவன் அல்ல; யாழ்ப்பாணத்தில் ஞாயிறு தவறாமல் சேர்ச்சுக்குப் போகிற ஆள், அவ்வளவுதான். இந்தக் கருத்தைப் பிடிக்கிற கல்வினிய நண்பர்கள் பாய வேண்டாம்.

பெரியம்மா ஞானஸ்நானம் பெற்றவர். சைவரைக் கல்யாணம் கட்டிக் கோப்பாய்க்குப் போன பிறகு திருநீறு பூசினார், கந்தசஷ்டி பிடித்தார். நத்தாருக்கு மட்டும் எங்கள் வீட்டுக்கு வந்து அம்மாவோடு கீர்த்தனை பாடுவார். அவர் இறந்த நாலாம் நாள், அம்மாவுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று எங்கள் ஜெபக்குழுத் தம்பி ஒருவரைக் கூட்டிக்கொண்டு போனேன். கூட்டிக்கொண்டு போனது நான்தான், மறைக்கவில்லை.

"அக்காவும் ஞானஸ்நானம் எடுத்தவதானே, தம்பி?" என்றார் அம்மா.

தம்பி யோவான் 10:15ஐ விரித்தார். ஆடுகளுக்காகத்தான் ஜீவனைக் கொடுத்தார், விலகிப்போனவர் முதலிலிருந்தே ஆடு இல்லை, அப்படியென்றால் அவருக்காகக் கிறிஸ்து மரிக்கவில்லை. பாடமாக்கியதை ஒப்புவிப்பதுபோல் சொன்னார். அம்மா தேத்தண்ணித் தட்டத்தைக் கையில் வைத்தபடியே, "அப்ப எனக்காக மரிச்சவர் எண்டு உமக்கு ஆர் சொன்னது?" என்று கேட்டார். தம்பி தேத்தண்ணி எடுக்கவில்லை. நான் எடுத்தேன். ஒன்றும் பேசாமல் குடித்து முடித்தேன். என்னை இன்றுவரை அரிப்பது அதுதான்.

பிறகு தேடிப் படித்தேன். (எங்கள் சேர்ச்சில் ஒரு புத்தக அலுமாரி இருக்கிறது. சாவி வைத்திருந்தவர் கனடாவுக்குப் போய்விட்டார். பூட்டை உடைக்க மூன்று கமிட்டிக் கூட்டம் கூடி, இன்னும் தீர்மானம் இல்லை. உள்ளே கறையான் மட்டும் ஒழுங்காக வாசிக்கிறது. சரி, அதை விடுவோம்.)

இந்தக் கருத்து சபைத் தீர்மானமாக எழுதப்பட்டது ஒல்லாந்தில் (நெதர்லாந்தில்), அந்நாட்டுச் சீர்திருத்த சபை 1618–19இல் கூட்டிய டோர்ட் மாநாட்டில். ஒல்லாந்து இறையியலாளர் ஆர்மீனியஸின் வழி வந்தவர்கள் 1610இல் கிறிஸ்து எல்லோருக்காகவும் மரித்தார் என்று எழுதிக் கொடுத்ததற்கு அது பதில். தம்பி சொல்லாமல் விட்டது என்னவென்றால், கிறிஸ்துவின் மரணம் முழு உலகத்தின் பாவத்துக்கும் தாராளமாகப் போதுமானது என்று அதே டோர்ட்டும் சொல்கிறது. அதன் பலன் நிச்சயமாகப் போய்ச் சேருவது தெரிந்துகொள்ளப்பட்டவர்களுக்கு என்கிறது. சுவிசேஷத்தை எல்லோருக்கும் வித்தியாசமின்றி அறிவிக்கச் சொல்கிறது. அந்தப் பட்டியலில் யார் யார் என்று செத்தவீட்டில் வாசிக்கச் சொல்லவில்லை. மறுபக்கம் 1 யோவான் 2:2இல் "சர்வலோகத்தின் பாவங்களையும்" என்று இருக்கிறது. அதை எல்லாச் சாதியிலும் எல்லா நாட்டிலும் உள்ள தெரிந்துகொள்ளப்பட்டவர்கள் என்று கல்வினியர் சுருக்கிப் பொருள் சொல்வார்கள். எனக்கு அது ஒட்டவில்லை.

இன்னொன்று. 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர் இந்த டோர்ட் தீர்மானத்தை ஏற்ற சபையார்தான். ஆனால் உத்தியோகம் வேண்டுமானால் ஞானஸ்நானம் எடு என்று ஊரையே வரிசையில் நிறுத்தியவர்களும் அவர்கள்தான். அவர்கள் போனதும் பெரும்பாலானோர் சைவத்துக்கே திரும்பினார்கள். 1814இல் வந்த வெஸ்லியன் (மெதடிஸ்த) மிஷனரிமாரோ, எல்லோருக்காகவும் மரித்தார் என்ற பக்கம். ஒரே ஊரில் இரண்டும் பிரசங்கிக்கப்பட்டது. அதனால் "திருச்சபை எப்போதும் இப்படித்தான் போதித்தது" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கல்வினியம் முழுக்கப் பிழை என்று நான் சொல்லவில்லை. உங்களுக்கு இதைச் சொன்னவரிடம் அம்மா கேட்டதை ஒருக்கால் கேட்டுப் பாருங்கள்.

முப்பத்தோராம் நாள் பெரியம்மாவின் அந்தியேட்டி என்ற சைவக் கிரியைக்கு அம்மாவும் கீரிமலைக்குப் போனார். தம்பிக்கு இன்னும் தெரியாது.