பாப்பாவுக்கு நிதியமைச்சர் ஆகணுமாம்: என்ன படிக்க வைப்பது?

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை அண்ணாவுக்கு வணக்கம். பிளஸ் டூ காமர்ஸ் முடித்த பாப்பா, கேரளத்தின் முன்னாள் நிதியமைச்சர், மார்க்சிஸ்ட் கட்சியின் தாமஸ் ஐசக் மாதிரி பட்ஜெட் போடணும், அதனால் பி.ஏ. எகனாமிக்ஸ்தான் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். பி.காம்., சி.ஏ. என்றால் பிழைத்துக்கொள்வாளே என்பது உங்கள் கவலை. உங்கள் கடிதத்தைப் படித்துப் பார்த்ததில், உங்கள் பயம் எகனாமிக்ஸ் மேல் இல்லை, கட்சிக்கொடி மேல்தான்.

ஐசக் எர்ணாகுளம் மகாராஜாஸ் கல்லூரியில் எகனாமிக்ஸ் படித்தவர். மாணவர் சங்கத்திலும் இருந்தார். திருவனந்தபுரம் சென்டர் ஃபார் டெவலப்மென்ட் ஸ்டடீஸ் என்ற ஆராய்ச்சி நிறுவனத்தில் ஆலப்புழை கயிறுத் தொழிலைப் பற்றி ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கினார். 1996-ல் கேரள மாநிலத் திட்டக் குழு உறுப்பினர். திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளாட்சிகளுக்குக் கொடுத்த மக்கள் திட்டத்தில் முன்னால் நின்றவர். 2001-ல்தான் எம்.எல்.ஏ. நிதியமைச்சரானது 2006-ல், 53 வயதில். 2021-ல் தொடர்ந்து இரண்டு முறை ஜெயித்தவர்களுக்கு இனி சீட் இல்லை என்று கட்சி முடிவு செய்தது, அவருக்கும் கிடைக்கவில்லை. சீட்டைக் கட்சி தரும், கட்சியே எடுத்துக்கொள்ளும். அதை நம்பி மட்டும் யாரும் படிக்கக் கூடாது என்று பாப்பாவிடம் நானே சொல்கிறேன்.

எகனாமிக்ஸ் படித்தால்தான் அந்த நாற்காலி என்றும் இல்லை. கேரளத்தில் 13 பட்ஜெட் போட்ட பாலாக்காரர் கே.எம். மாணி வக்கீல். தமிழ்நாட்டில் நிதியமைச்சராக இருந்த மதுரை பழனிவேல் தியாகராஜன் வெளிநாட்டுப் படிப்பு, வங்கி வேலை என்று வந்தவர். தாத்தாவும் அப்பாவும் அரசியலில் இருந்த குடும்பம். அந்த வழியை நாம் பார்க்க வேண்டாம்.

சி.ஏ. நல்ல படிப்புதான். ஆனால் கம்பெனிக் கணக்கு வேறு, சர்க்கார் கணக்கு வேறு. 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபிறகு மாநிலம் தானாக விகிதம் வைக்க பெட்ரோல், டீசல், மது, பத்திரம், வண்டி வரி என்று கொஞ்சம்தான் மிச்சம். கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டி, விலை குறைவான தமிழ்நாட்டுப் பக்கம் போய் பெட்ரோல் போட்டு வருகிற நம் ஊர்ப் பிள்ளைக்கு இதை விளக்கவா வேண்டும்? அந்த விலை வித்தியாசம் ஏன், அந்தக் காசு எங்கே போகிறது என்று அவள் கேட்க ஆரம்பித்திருந்தால், எகனாமிக்ஸே படிக்கட்டும்.

இன்னொன்று. கேரளத்தில் கிராமப் பஞ்சாயத்து பட்ஜெட்டை வாசிப்பது வைஸ் பிரசிடென்ட். நிதி ஸ்டாண்டிங் கமிட்டிக்கும் அவரே தலைவர். 21 வயதானால் தேர்தலில் நிற்கலாம், பாதி இடம் பெண்களுக்கு. அதற்கு முன்னால், 18 முடிந்து வோட்டர் லிஸ்டில் பேர் ஏறியதும் கிராம சபைக்கு அனுப்புங்கள். போன வருஷம் நம் வார்டு ரோட்டுக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள், எவ்வளவு செலவானது என்று எழுந்து கேட்கட்டும். கொடி பிடிப்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அங்கே பேச்சும் தாளும் மலையாளம். தமிழ் மீடியத்தில் படித்த நம் பிள்ளைகள் மலையாளம் சரளமாகப் பேசுவார்கள், ஒரு பக்கம் எழுதச் சொன்னால் திணறுவார்கள். காலேஜ் திறப்பதற்குள் தினமும் பேப்பரில் ஒரு செய்தியைப் படித்து, சுருக்கி எழுதிப் பழகச் சொல்லுங்கள். கட்டாயம்.

வேலைக்கு என்ன வழி என்பீர்கள். எந்த டிகிரி முடித்தாலும் அரசு வேலைக்கு ஆள் எடுக்கும் கேரள பி.எஸ்.சி.யின் அசிஸ்டன்ட்/ஆடிட்டர் தேர்வு எழுதலாம். செக்ரட்டேரியட்டும் லோக்கல் ஆடிட்டும் அதில்தான் வரும். வங்கித் தேர்வுகள் உண்டு. மேலே படிக்க ஆசை இருந்தால் ஐசக் படித்த அந்த நிறுவனமே இருக்கிறது. ஆராய்ச்சிப் பக்கம் போனால் மாநில நிதியையே அலசுகிற குலாட்டி இன்ஸ்டிடியூட்டும் திருவனந்தபுரத்தில்தான்.

காலிகட் யூனிவர்சிட்டி விண்ணப்பத்தில் முதல் விருப்பமாகப் பாலக்காடு விக்டோரியா கல்லூரி, இரண்டாவதாகச் சித்தூர் அரசுக் கல்லூரி என்று போடுங்கள். இப்போது நான்கு வருஷப் படிப்பு, மூன்றோடு முடித்துக்கொண்டும் வரலாம். மைனராக, அதாவது துணைப் பாடமாக, ஸ்டாடிஸ்டிக்ஸோ கணக்கோ கிடைத்தால் விடாதீர்கள். சி.ஏ. ஃபவுண்டேஷன் பணத்தை இப்போதைக்குக் கட்ட வேண்டாம்.