நீண்டகாலவாதம் என்றால் என்ன? தொழில்நுட்பக் கோடீஸ்வரர்கள் சிலர் பேசும் இந்தக் கொள்கை ஏன் விமர்சிக்கப்படுகிறது?

இன்னும் பிறக்காத கோடானுகோடிப் பேரின் நலனைக் காப்பது இன்று நம் தலையாய கடமைகளில் ஒன்று என்பதுதான் நீண்டகாலவாதம். இதை முன்வைக்கும் ஒரு நூல் தன் தத்துவத்தோடு நெருக்கமாகப் பொருந்துவதாக ஈலான் மஸ்க் 2022இல் சொன்னார்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. சிக்கல் கணக்கில் வருகிறது. எதிர்கால மக்கள்தொகையை எவ்வளவு பெரிதாக வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். அதன் முன்னால் இன்றைய தொழிலாளியின் கூலி, குடிநீர், உரிமை எல்லாம் சில்லறையாகிவிடும். அப்புறம், கணக்குப் போடுபவரே லாபமும் பார்க்கிறார். செயற்கை நுண்ணறிவு ஆய்வாளர் டிம்னிட் கெப்ரு, தத்துவ ஆய்வாளர் எமில் டோரஸ் போன்றோரின் விமர்சனம் இந்தத் திசையில்தான் போகிறது. எனக்கும் அது நியாயமாகவே படுகிறது.

வேலூர்ப் பக்கத்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். தோல் தொழிற்சாலைகளால் வேலையும் அந்நியச் செலாவணியும் வரும் என்றார்கள், வந்தது, உண்மைதான். ஆனால் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை வட்டாரத்தில் பாலாற்றையொட்டிய கிணறுகள் கெட்டுப்போயின. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல், மாசுபடுத்தியவரே அதற்கான விலையைக் கொடுக்க வேண்டும் என்றது. தொழில்நுட்ப முதலாளிகளிடம் கேட்பதும் அதே பொறுப்பைத்தான்.

இப்படிக் கேட்பவர்களைத் தொழில்நுட்பத்துக்கும் வருங்காலத் தலைமுறைக்கும் எதிரிகள் என்று பலர் நினைக்கிறார்கள்; ஆனால் இப்படிக் கேட்பவர்கள் எதிர்ப்பது, எல்லோருடைய எதிர்காலத்தையும் ஒரு சிலரே தீர்மானிப்பதை.