தட்டு மாற்றி ஓராண்டுதான், கிளச் மீண்டும் வழுக்குவது ஏன்?

கேள்வி: வெள்ளவத்தையில் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் வசிக்கிறேன். என்னிடம் இருப்பது பழைய ஆல்டோ. சென்ற ஆண்டுதான் கிளச் தட்டு மாற்றினோம். அண்மையில் குடும்பத்துடன் கண்டிக்குப் போனபோது கடுகண்ணாவை ஏற்றத்தில் என்ஜின் இரைந்ததே தவிர வேகம் கூடவில்லை; கருகிய வாடையும் வந்தது. கொழும்புக்குள் ஓட்டும்போது குறை எதுவும் தெரிவதில்லை. தட்டை மறுபடியும் மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். மாற்றத்தான் வேண்டுமா? இது மீண்டும் வராமல் தடுப்பது எப்படி?

பதில்: நீங்கள் சொல்லும் அறிகுறிகள் கிளச் வழுக்குவதைத்தான் காட்டுகின்றன. தட்டை மாற்றவும் வேண்டியிருக்கலாம். ஆனால் ஒழுங்காகப் பூட்டிய தட்டு, நிதானமாக ஓட்டினால் ஓர் இலட்சம் கிலோமீற்றரைத் தாண்டியும் உழைக்கும். கொழும்பு நெரிசலில் அந்த ஆயுள் குறையும் என்றாலும் ஓராண்டில் முடிந்துபோவது இயல்பல்ல. எதுவோ அதைத் தேய்த்திருக்கிறது, அல்லது இறுகப் பிடிக்க விடாமல் தடுக்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் புதுத் தட்டுப் பூட்டினால் அடுத்த ஆண்டும் இதே கேள்வியை எழுதுவீர்கள்.

கொழும்பில் குறை தெரியாததில் வியப்பில்லை. வெள்ளவத்தை வழியாகப் போகும் காலி வீதி தட்டையானது. நெரிசலில் இரண்டாம் கியருக்கு மேல் போவதே அரிது. கிளச் பலவீனமாகும்போது அது முதலில் வெளிப்படுவது உயர்ந்த கியரில், ஏற்றத்தில், ஆட்களும் பெட்டிகளும் நிறைந்திருக்கும்போது. ஆகவே கடுகண்ணாவையில் தொடங்கிய கோளாறு என்று நினைக்காதீர்கள். அது பல வாரங்களாகவே இருந்திருக்கும்.

உறுதிப்படுத்த ஒரு சோதனை உண்டு. விடியற்காலையில், வெறிச்சோடிய வீதியில், மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் நான்காம் கியரில் போகும்போது அக்சிலரேட்டரை முழுவதும் மிதியுங்கள். கிளச் நன்றாக இருந்தால் இரைச்சலும் வேகமும் சேர்ந்து மெதுவாக ஏறும். இரைச்சல் மட்டும் துள்ளி ஏறினால் வழுக்குகிறது. சுற்றுமானி இல்லாவிட்டாலும் பரவாயில்லை, காது போதும். ஒரு தடவைக்கு மேல் செய்ய வேண்டாம்; ஒவ்வொரு வழுக்கலும் தட்டைச் சுடவைக்கிறது.

இனி, காரணங்கள். கிளச் தட்டு, என்ஜினோடு சேர்ந்து சுழலும் பிளைவீல் என்ற கனமான சக்கரத்துக்கும் பிரஷர் பிளேட்டுக்கும் நடுவே இருக்கிறது. கால் மிதியில் இல்லாதபோது பிரஷர் பிளேட்டின் வில் அதை இறுக்கிப் பிடிக்கும். அந்த இறுக்கம் குறைந்தாலும் தட்டின் உராய்வு குறைந்தாலும் வழுக்கும்.

முதலில் பார்க்க வேண்டியது, செலவே இல்லாதது: கேபிள். உங்கள் காரில் மிதியையும் கிளச்சையும் இணைப்பது ஒரு கேபிள். மிதியைக் கையால் அழுத்திப் பாருங்கள். தொடக்கத்தில் ஒன்றிரண்டு சென்ரிமீற்றராவது எதிர்ப்பில்லாமல் இறங்க வேண்டும். சரியான அளவு காரின் கைநூலில் இருக்கும். தட்டுத் தேயத் தேய இந்தத் தளர்வு குறைந்துகொண்டே வரும். அது அற்றுப்போனால், நீங்கள் மிதிக்காமலேயே கிளச் ஓரளவு மிதிபட்டிருக்கும். புதுத் தட்டுப் பூட்டும்போது கேபிளை இறுக்குவார்கள். தட்டுப் படிந்தபின் அதைத் திரும்பப் பார்ப்பவர் குறைவு. உங்கள் விடயத்தில் என் முதற் சந்தேகம் இதுதான். ஆரம்பத்திலேயே பார்த்திருந்தால் கேபிளின் நட்டைத் திருகுவதோடு முடிந்திருக்கும். கருகிய வாடை வந்துவிட்டதால் இப்போது அது மட்டும் போதும் என்று சொல்லத் துணியமாட்டேன்.

இரண்டாவது, ஒயில் கசிவு. ஒயில் வெளியேறாமல் தடுக்கும் வளையங்களான சீல்களில், என்ஜினின் பின்பக்கச் சீலோ கியர்பெட்டியின் முன்பக்கச் சீலோ பழுதானால் ஒயில் நேரே தட்டில் படும். என்ஜினும் கியர்பெட்டியும் சேரும் இடத்தின் அடியில் ஈரமோ சொட்டோ இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கறுத்த ஒயில் என்றால் என்ஜினுடையது. கெட்டியாக, கந்தக நெடியோடு இருந்தால் கியர் ஒயில். ஒயில் ஊறிய தட்டைப் பெற்றோலில் கழுவிப் பூட்டித் தரச் சிலர் முன்வருவார்கள். சம்மதிக்காதீர்கள். தட்டின் உராயும் மேற்பரப்பான லைனிங்குக்குள் இறங்கிய ஒயில், சூடேறியதும் வெளியே வரும். சீலையும் தட்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். சீலின் விலை அற்பம். கியர்பெட்டியை இறக்கும் கூலிதான் பெரிது. அந்தக் கூலியை இரண்டு முறை கொடுப்பதைப் போல வீண்செலவு வேறில்லை.

இதே கணக்கு மற்றப் பாகங்களுக்கும் பொருந்தும். சென்ற ஆண்டு “தட்டு மாற்றினோம்” என்கிறீர்கள். பிரஷர் பிளேட்? மிதிக்கும்போது அதன் வில்லைத் தள்ளும் பெயரிங்? கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் இல்லை என்பதே விடையாக இருக்கும். சூட்டில் தளர்ந்த பழைய வில்லுக்குப் புதுத் தட்டை இறுக்கிப் பிடிக்கும் பலம் இருக்காது. மூன்றையும் சேர்த்து மாற்றுங்கள். பிளைவீலில் நீலம் பாய்ந்த திட்டுகளோ மயிரிழை வெடிப்புகளோ இருக்கின்றனவா என்று நீங்களே நின்று பாருங்கள். இலேசான திட்டுகளை லேத்தில் சீவிச் சரிசெய்யலாம். ஆழமான வெடிப்பு என்றால் அதையும் மாற்ற வேண்டும்.

கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் புதியது, பாவித்தது, லைனிங் மாற்றி ஒட்டியது என எல்லாமே கிடைக்கும். மலைநாட்டுப் பயணம் போகிற குடும்பக் காருக்கு லைனிங் ஒட்டிய தட்டை நான் பரிந்துரைக்கமாட்டேன். பழைய பாகங்களைக் கழற்றியதும் உங்கள் கையில் தரச் சொல்லுங்கள். எங்கே தேய்ந்தது, எங்கே கருகியது என்பதை அவையே காட்டிவிடும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியபின் மாற்றியிருக்க வேண்டிய பல கார்கள் ஆண்டுக்கணக்காக ஓடிக்கொண்டேயிருந்தன. இரண்டாவது, மூன்றாவது கிளச் பூட்டிய கார்கள் இப்போது சாதாரணம். அப்படிப்பட்ட காரில் சீல்களும் பழசு என்பதை மறக்க வேண்டாம்.

அடுத்தது ஓட்டுபவரின் இடது கால். உங்கள் குடியிருப்பின் நிலத்தடித் தரிப்பிடச் சரிவையே எடுத்துக்கொள்ளுங்கள். காவலாளி கதவைத் திறக்கும்வரை காரை எதனால் நிறுத்திவைக்கிறீர்கள்? பாதி மிதித்த கிளச்சாலும் அக்சிலரேட்டராலும் என்றால், பல கிலோமீற்றர் ஓட்டத்தின் தேய்மானத்தைச் சில நிமிடங்களில் செய்துவிடுகிறீர்கள். கைப்பிரேக்கை இழுத்து நியூட்ரலுக்கு வந்துவிடுங்கள். சமிக்ஞை விளக்கிலும் அப்படியே. முழுவதும் மிதித்துக் காத்திருந்தால் தட்டுத் தேயாது, பெயரிங்தான் தேயும். தட்டைத் தின்பது பாதி மிதிப்பு.

நெரிசலில் அங்குலம் அங்குலமாக ஊர்வதும் அதே பாதி மிதிப்புதான். முன்னால் ஒரு கார் நீளத்துக்கு இடைவெளி விழட்டும், பிறகு முதலாம் கியரில் கிளச்சை முழுவதும் விட்டு நகருங்கள். அதற்குள் ஒரு முச்சக்கரவண்டி மூக்கை நுழைக்கும். நுழைக்கட்டும், கிளச்சைவிட அது மலிவு. இரண்டாம் கியரில் புறப்படும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். கியர் மாற்றியதும் கால் தரைக்குப் போக வேண்டும். இருக்கை மிதிக்கு மிக அருகில் இருந்தால் கால் தானாகவே மிதியின் மேல் தங்கும், ஆகவே இருக்கையைச் சற்றுப் பின்னே தள்ளிப் பாருங்கள்.

சரிசெய்யும்வரை கராஜுக்கு மெதுவாக ஓட்டிச் செல்லலாம், கண்டிக்கு வேண்டாம். வழியில் வாடை வந்தால் ஓரமாக நிறுத்தி ஆறவிடுங்கள். புதிய கிளச் பூட்டியபின் முதல் சில நூறு கிலோமீற்றர்களுக்கு முரட்டுப் புறப்பாடும் பாரமும் கூடாது. அதன்பின் அதே கராஜுக்குப் போய்க் கேபிள் தளர்வை மீண்டும் அளக்கச் சொல்லுங்கள்.