ஜோ நேமத்தின் புகழ் அளவுக்கு மீறியதா?

கேள்வி: அமெரிக்கக் கால்பந்தில் 173 டச்டவுன்களுக்கு (எதிரணியின் எல்லைக்குள் பந்தைக் கொண்டுசேர்த்துப் புள்ளி எடுப்பது) பந்தெறிந்து, 220 வீச்சுகளை எதிரணியிடம் பறிகொடுத்த நியூயார்க் ஜெட்ஸ் குவார்ட்டர்பேக் (தாக்குதலை நடத்திப் பந்தை வீசுபவர்) ஜோ நேமத்தை, 1969-இல் வென்ற ஒரே சூப்பர் பௌல் என்ற சாம்பியன் இறுதி ஆட்டத்துக்காக இன்றும் கொண்டாடுவது நியாயமா?

பதில்: அந்த ஓர் ஆட்டத்தை மட்டும் எடைபோட்டால் உங்கள் ஐயம் சரியானதே. பால்டிமோர் கோல்ட்ஸ் அணி 18 புள்ளிகள் வித்தியாசத்தில் வெல்லும் என்று பந்தயக்காரர்கள் கணித்திருந்த நிலையில், ஜெட்ஸ் 16-7 என்று வென்றது உண்மை. ஆனால் நேமத் அன்று ஒரு டச்டவுனுக்கும் பந்தெறியவில்லை. கடைசிக் கால்பகுதியில் அவர் பந்தை வீசவே இல்லை. அணியின் ஒரே டச்டவுனை ஓடி எடுத்தவர் மேட் ஸ்நெல். உதைத்தே பத்துப் புள்ளிகள் சேர்த்தவர் ஜிம் டர்னர். எதிரணியின் வீச்சுகளை நான்கு முறை பறித்தவர்கள் தடுப்பாட்டக்காரர்கள். இருந்தும் ஆட்டநாயகன் விருது, மூன்று நாட்களுக்கு முன்பே வெற்றி உறுதி என்று சவால்விட்ட நேமத்துக்குப் போனது. ஸ்நெல்லுக்குக் கொடுத்திருக்கலாம் என்பதே என் கருத்து.

ஆயினும், பறிகொடுத்த வீச்சுகளை இன்றைய அளவுகோலால் எண்ணுவது சரியன்று. பந்தைப் பிடிக்க ஓடுபவரைத் தடுப்பவர்கள் களமெங்கும் இடித்துத் தள்ள இடமளித்த விதி 1978-இல்தான் இறுக்கப்பட்டது. நேமத்தோ 1977-உடன் ஆட்டத்தை முடித்துக்கொண்டவர். பழுதான முழங்கால்களோடு, வெறும் 14 ஆட்டங்கள் கொண்ட 1967 பருவத்தில் 4,007 கெஜம் எறிந்து, ஒரே பருவத்தில் நாலாயிரத்தைத் தாண்டிய முதல் தொழில்முறை குவார்ட்டர்பேக் ஆனவரும் அவரே. கொண்டாடுவோர் இதைச் சொல்லாமல் சவாலையே சொல்லிக்கொண்டிருப்பதுதான் விந்தை.