நண்பர்களோடு செமினாருக்குப் போகிறாயா? இதைப் படித்துவிட்டுப் போ

தம்பி, புது சாஃப்ட்வேர் பற்றிய ஒரு நாள் செமினாருக்கு நண்பர்கள் மூன்று பேர் கூப்பிடுகிறார்கள், தேர்வுக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது, போனால் வேலைக்கு உதவுமா என்று கேட்டிருக்கிறாய். தாராளமாகப் போ. ஒரு நாளில் படிப்பு கெட்டுவிடாது. ஆனால் இப்படிப் போய்வந்த பலரிடம் ஒரு மாதம் கழித்து என்ன கற்றுக்கொண்டாய் என்று கேட்டால் "நல்லா இருந்துச்சு சார்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வருவதில்லை, கையில் சான்றிதழ் மட்டும் இருக்கிறது. உனக்கு அப்படி ஆகக் கூடாது என்றுதான் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முந்தைய நாள் இரவே அந்த சாஃப்ட்வேரை லேப்டாப்பில் இன்ஸ்டால் செய்துவிடு. அரங்கில் இருக்கிற எல்லோரும் ஒரே நேரத்தில் டவுன்லோடு போட்டால் வைஃபை படுத்துவிடும், பேச்சாளர் ஐந்தாவது படிக்குப் போயிருப்பார், நீ முதல் படியிலேயே காத்திருப்பாய். டாக்குமென்டேஷனில், அதாவது அதன் பயன்பாட்டுக் குறிப்பில், முதல் பக்கத்தையாவது படி. வெர்ஷன் எண்ணையும் பார்த்துக்கொள். 0.4, 0.7 என்று இன்னும் 1.0-ஐ எட்டாமல் இருந்தால் இன்று கற்கிற கட்டளை அடுத்த வெர்ஷனில் மாறிப்போகலாம்.

அப்புறம் நண்பர்கள். நால்வரும் ஒரே வரிசையில் உட்கார்ந்தால் பாதி நேரம் பேச்சிலும் செல்போனிலும் போய்விடும். ஒரே நேரத்தில் இரண்டு அமர்வுகள் நடந்தால் இரண்டு இரண்டு பேராகப் பிரிந்துகொள்ளுங்கள். ஒரே அமர்வுதான் என்றால் தள்ளித் தள்ளி உட்காருங்கள். திரும்பி வரும்போது ஒவ்வொருவரும் மற்றவர்களுக்குப் பத்து நிமிடம் விளக்க வேண்டும் என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். விளக்க ஆரம்பித்த இரண்டாவது நிமிடத்திலேயே எது புரிந்தது, எது புரிந்த மாதிரி இருந்தது என்று தெரிந்துவிடும். நண்பர்களோடு போவதில் எனக்குப் பிடித்ததே இதுதான்.

என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு மாணவி தன் நோட்டைக் காட்டினாள். பைத்தான் என்ற நிரல்மொழியின் டெமோ ஒன்றில் திரை முழுக்கச் சிவப்பாகப் பிழைச் செய்தி வந்திருக்கிறது, அரங்கில் சிலர் சிரித்திருக்கிறார்கள், இவள் மட்டும் அந்த நேரத்தில் பேச்சாளர் என்ன செய்கிறார் என்று வரிவரியாக எழுதியிருந்தாள். முதலில் கடைசி வரியைப் படித்தார், ஏதோ ஒரு மாட்யூல் (நிரலுக்குத் தேவையான துணைக் கோப்பு) இல்லை என்று இருந்தது, எந்த என்விரான்மென்டில் (மாட்யூல்களைத் தனித்தனியாக நிறுவி வைக்கிற இடம்) இருக்கிறோம் என்று சரிபார்த்தார், வேறொன்றில் இருந்தார், மாற்றினார், ஓடியது. பைத்தானில் உண்மையான பிழை கடைசி வரியில்தான் இருக்கும் என்று அன்றைக்குத்தான் அவளுக்குப் பிடிபட்டது. ஒத்திகை பார்த்துச் செய்கிற டெமோ எல்லாமே சுலபமாகத்தான் தெரியும். அது தடுக்கி நிற்கிற இடத்தைக் கவனி, வேலையில் சேர்ந்தபின் உன் பொழுதில் பெரும்பகுதி அங்கேதான் போகும்.

கேள்வி நேரத்தில் கை தூக்கு. "இது எதைச் செய்யாது?", "இதற்கு முன்னால் எதைப் பயன்படுத்தினீர்கள், ஏன் மாறினீர்கள்?" இந்த இரண்டில் ஒன்று போதும். நேர்மையான பேச்சாளர் முகம் மலர்ந்து பதில் சொல்வார். இன்றைக்கே பணம் கட்டினால் கோர்ஸில் தள்ளுபடி என்று யாராவது ஆரம்பித்தால் மட்டும் எழுந்து வந்துவிடு. அங்கே பணம் கட்டாதே, நண்பன் கட்டினாலும் கட்டாதே.

தேர்வைப் பற்றிக் கேட்டாயே, அதற்கும் இதற்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. ஒரு சாஃப்ட்வேரை அதற்குத் தேவையானவற்றோடு சேர்த்துக் கட்டி வேறு கணினிகளிலும் ஓட்ட உதவுகிற டாக்கரை, 2013-இல் பைகான் என்ற பைத்தான் மாநாட்டில் அதை உருவாக்கிய சாலமன் ஹைக்ஸ் முதன்முதலாக மேடையில் காட்டினார், ஐந்து நிமிடப் பேச்சுதான். இன்றைக்கு எத்தனையோ வேலை விளம்பரங்களில் டாக்கர் என்ற பெயர் இருக்கிறது. ஆனால் அதற்கு அடியில் இருந்த நேம்ஸ்பேஸ் (ஓடுகிற நிரல்களைத் தனித்தனியாகப் பிரித்து வைப்பது), சிகுரூப் (அவற்றுக்கு மெமரி போன்றவற்றில் வரம்பு வைப்பது) இரண்டும் லினக்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதியான கெர்னலில் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே வந்துவிட்டவை. புராசஸ் என்றால் என்ன, கெர்னல் அதற்கு மெமரியை எப்படிப் பங்கிடுகிறது என்று ஆபரேட்டிங் சிஸ்டம் பாடத்தை ஒழுங்காகப் படித்தவனுக்கு அந்த ஐந்து நிமிடம் முழுதாகப் புரிந்திருக்கும். சாஃப்ட்வேர்கள் வரும், சில காணாமலும் போகும், அதனால் தேர்வுக்குப் படிப்பதை வேலைக்குச் சம்பந்தமில்லாத சுமை என்று நினைத்துவிடாதே.

சான்றிதழை ரெஸ்யூமேயில் பெரிதாகப் போட வேண்டாம், நேர்காணலில் யாரும் அதைப் பார்த்து வேலை தருவதில்லை. அன்று இரவே, தூக்கம் வந்தாலும் பரவாயில்லை, ஒரு மணி நேரம் உட்கார்ந்து அந்த சாஃப்ட்வேரில் சின்னதாக ஏதாவது செய்து, கோடைப் பகிர்கிற தளமான கிட்ஹப்பில் போடு. என்ன செய்தாய், எங்கே மாட்டிக்கொண்டாய், எப்படி வெளியே வந்தாய் என்று அதோடு வைக்கிற அறிமுகக் கோப்பான ரீட்மீயில் நாலு வரி எழுது. மறுநாள் காலையில் பாடப்புத்தகத்துக்குத் திரும்பிவிடு. தேர்வு முடிந்ததும் அந்த லிங்க்கை எனக்கு அனுப்பு, சேர்ந்து பார்ப்போம்.