நிஜ மனிதர்களை வைத்துப் பாலியல் ரசிகர் கதைகள் எழுதுவது தவறா? "வெறும் கற்பனைதானே" என்கிறார்களே?

நானே எழுதியிருக்கிறேன். அதனால் இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டு நகர முடியவில்லை.

2014இல் எம்.எஸ்ஸி. படித்துக்கொண்டிருந்தேன். ஒன் டைரக்‌ஷன் என்ற ஆங்கிலப் பாடகர் குழுவின் மீது பித்து தலைக்கேறியிருந்த காலம். அந்தக் குழுவின் ஹாரி ஸ்டைல்ஸும் லூயி டாம்லின்சனும் ரகசியக் காதலர்கள் என்று ரசிகைகள் பலர் நம்பினோம். இருவர் பெயரையும் சேர்த்து 'லாரி' என்போம். யாரும் கதை எழுதிப் போடக்கூடிய வாட்பேட் தளத்தில் அவர்களை வைத்து பதினொரு அத்தியாயம் எழுதினேன், மூன்று படுக்கையறைக் காட்சிகளோடு. முதல் பக்கத்தில் 'முழுக்கக் கற்பனை' என்று போட்டிருந்ததால் மனசு உறுத்தவில்லை.

உறுத்த வைத்தது ஒரு பின்னூட்டம். ஏழாம் அத்தியாயத்தின் கீழே ஒரு வாசகி ஒரு பேட்டியின் துண்டு வீடியோவைக் கொடுத்து, "பதினாலாவது விநாடில ஹாரி திரும்பிப் பார்க்கிறதைப் பாருங்க அக்கா, நீங்க எழுதினது நிஜமாவே நடந்திருக்கு" என்று எழுதியிருந்தாள். வேகத்தைக் குறைத்து நாலைந்து முறை பார்த்தேன். பக்கத்தில் இருப்பவர் பேசுகிறார், இவர் திரும்பிப் பார்க்கிறார், அவ்வளவுதான். ஆனால் நான் எழுதிய காட்சி மனதில் இருந்ததால் எனக்கும் அந்தப் பார்வை வேறு மாதிரிதான் தெரிந்தது.

நாவலில் வரும் பாத்திரத்தை என்ன செய்தாலும் அது வந்து கேட்கப்போவதில்லை. நிஜ மனிதர் மறுநாள் காலையில் எழுந்து, அதே நண்பனின் பக்கத்தில் மேடையில் நிற்க வேண்டும்.

லூயி 2012லேயே ட்விட்டரில், இந்த லாரி பேச்செல்லாம் சுத்தப் பொய், நான் சந்தோஷமாக இருக்கிறேன், ஏன் ஏற்க மாட்டேன் என்கிறீர்கள் என்ற பொருளில் கோபமாக எழுதியிருந்தார். நாங்கள் என்ன செய்தோம்? குழுவின் நிர்வாகம் சொல்லி எழுத வைத்திருக்கிறது என்றோம். அவருடைய மறுப்பையே எங்கள் ஆதாரமாக்கிக்கொண்டோம். இதை நினைத்தால் இன்றும் எனக்குக் கூசுகிறது. ஒருவர் 'இல்லை' என்று சொல்வதை 'ஆமாம்' என்று படிக்கப் பழகிவிட்டோம், அதுவும் அன்பு என்ற பெயரில். 2017இல் ஒரு பேட்டியில் லூயி, இந்தப் பேச்சால் தங்கள் இருவருக்கும் இடையே இருந்த இயல்பே கெட்டது என்றார். 2019இல் ஒரு அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர், ரசிகை எழுதும் கதை என்று இருவரையும் அந்தரங்கக் காட்சியில் கார்ட்டூனாகவே வரைந்து காட்டியது. தன்னிடம் யாரும் கேட்கவில்லை, தான் சம்மதிக்கவும் இல்லை என்று அவர் சொல்ல வேண்டியிருந்தது.

"அது ஆண்கள் எழுதுகிற மாதிரி ஆபாசம் இல்லை, உணர்வுள்ள எழுத்து" என்று நானும் வாதாடியிருக்கிறேன். தமிழில் நடிகைகளின் பெயரைப் போட்டு எழுதப்படும் காமக்கதைகளைப் பார்த்தால் எனக்குக் குமட்டும். சரி, அந்த நடிகை என் கதையையும் அதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால்? வித்தியாசம் என் மனதில்தான் இருந்தது. எழுதப்பட்டவரிடம் போய்ச் சேருவது ஒன்றேதான்.

ஃபேன்ஃபிக்‌ஷன்.நெட் நிஜ மனிதர்களைப் பற்றிய கதைகளை அனுமதிப்பதில்லை, ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன் என்ற இன்னொரு ரசிகர் கதைத் தளம் அனுமதிக்கிறது. தளத்தின் விதியை வைத்து இதை முடிவு செய்ய முடியாது. போலிப் படங்கள் இன்னும் மோசம். 2023இல் ரஷ்மிகா மந்தனா முகத்தை வேறொரு பெண்ணின் வீடியோவில் ஒட்டினார்களே, கதையையாவது கதை என்று சொல்லலாம், அந்த வீடியோ நடந்ததற்குச் சாட்சி மாதிரியே நடிக்கிறது.

மனதில் ஓடுவதற்கு யாரும் கணக்குக் கேட்க முடியாது. நோட்டில் எழுதிப் பூட்டி வைத்தாலும் எனக்கு ஆட்சேபமில்லை. பெயரோடு பொதுவில் வைக்கும்போது அது அவருடைய வாழ்க்கைக்குள் போய்விடுகிறது. அவர் ஏற்கெனவே வேண்டாம் என்று சொல்லியிருந்தால், என் பார்வையில் அது தவறு. எழுதும் ஆசை விடவில்லை என்றால் பெயர், முகம், ஊர் எல்லாவற்றையும் மாற்றி உங்கள் சொந்தப் பாத்திரமாக்குங்கள். நான் அப்புறம் அப்படித்தான் எழுதினேன்.

பழைய கதையை 2017இல் அழித்தேன். போன வருடம் யாரோ அதை பிடிஎஃப் ஆக்கி ஒரு டெலிகிராம் குழுவில் போட்டிருந்தார்கள். முதல் பக்கத்தில் இருந்த 'முழுக்கக் கற்பனை' என்ற வரி மட்டும் அதில் இல்லை.