கோடையில மொட்டையா நிக்கிற மரம், மழைக்கு முதலே தளிர்க்கிறது எப்பிடி? கேள்வி பதில்

நிலாவெளித் தங்கச்சி: அண்ணா, எங்கட வளவு வேம்பு இலையெல்லாம் கொட்டி நிண்டது, ஒரு சொட்டு மழையும் இல்ல, இப்ப பார்த்தா செம்பு நிறத்தில தளிர். தண்ணி எங்கால வந்தது?

நிலத்துக்கு அடியில இருந்துதான் தங்கச்சி. இலை நிக்குமட்டும் வேர் உறிஞ்சிறது முழுக்க இலையால ஆவியா போயிரும், இலை கொட்டினதும் அந்தச் செலவு நிண்டிரும், பிறகு ஆழத்தில கொஞ்சம் ஈரம் இருந்தாலே கொப்பு மெல்ல மெல்லத் தண்ணியால நிரம்பி மொட்டு விரியும். இலை விழுந்த தழும்புக்கு மேல கடுகளவு முடிச்சு இருக்கும், அதுதான் மொட்டு, தினமும் பாருங்கோ, அது உப்பிவாறது தெரியும்.

கிண்ணியாத் தம்பி: பகல் நீளம் கூடுறதாலயும் சில மரங்கள் தளிர்க்கும் எண்டு சொல்லுறாங்கள், எங்களுக்கு எப்பவும் 12 மணித்தியாலம்தானே?

இல்ல தம்பி. திருகோணமலை மத்தியகோட்டுக்கு கிட்டத்தட்ட 8.5 பாகை வடக்கு, ஜூன் கடைசியில பகல் ஏறத்தாழ 12 மணி 37 நிமிசம், டிசம்பர் கடைசியில 11 மணி 37. மார்ச்சில நாளுக்கு அரை நிமிசம் கூடும். கொஸ்தாரிக்கா, தாய்லாந்து வறள்காட்டு மரங்களைப் பார்த்து 2002இல வந்த ஆய்வு ஒண்டு, பகல் அரை மணித்தியாலமோ அதுக்கும் குறைவாவோ கூடினாலே சில இனங்கள் மழையில்லாமத் தளிர்க்குது எண்டு காட்டினது. மழை பிந்தும் முந்தும், சூரியன் பிந்தாது, அதாலதான் அந்த இனங்கள் வருசாவருசம் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில தளிர்க்குது. எனக்கு இதை நினைக்க நினைக்க ஆச்சரியம்தான்! ஆனா அவங்கட கலண்டரை இங்க ஒட்டாதீங்கோ, தாய்லாந்தில மழை மே தொடங்கி ஒக்டோபர் வரை, எங்களுக்கு அந்த நேரம்தான் கச்சான் எண்ட தென்மேற்குக் காத்து நிலத்தை வறட்டுது, மாரி ஒக்டோபருக்குப் பிறகுதான்.

தம்பலகாமத்து ஐயா: கோடையில தண்ணி விட்டா இலை கொட்டாதோ?

பனாமாவில பாரோ கொலராடோ தீவில, 1986இல இருந்து சில கோடைகள் காட்டுக்கே தண்ணி விட்டுப் பார்த்தவை ஐயா, பெரும்பாலான இனங்கள் வழமையான காலத்திலயே கொட்டினது. அது எங்கட காட்டை விட மழை கூடின இடம் எண்டதையும் சொல்லத்தான் வேணும்.

மூதூர் அக்கா: பாலை மரமும் வீரை மரமும் மட்டும் ஏன் பச்சையாவே நிக்குது?

இலை தடிப்பு அக்கா, தோல் மாதிரி, லேசில வாடாது.

சாம்பல்தீவுத் தம்பி: எங்கட முதிரை ரெண்டு மாசமா மொட்டை, பட்டுப்போச்சு, தறிக்கச் சொல்லுறாங்கள்.

தறிக்க விடாதீங்கோ தம்பி. முதிரை இலை கொட்டுற மரம்தான். மெல்லிய கொப்பில நகத்தால சுரண்டுங்கோ, உள்ளுக்கு பச்சையும் ஈரமும் இருந்தா உசிர் இருக்கு. நாலைஞ்சு கொப்பில பாருங்கோ, ஒரு கொப்பு பட்டிருக்கலாம். பிறகும் சந்தேகம் எண்டா, மாரி தொடங்கி ஒரு மாசம் போகட்டும்.